எம்.ஜி.பி. காரை வீட்டில் புதுப்பிப்பது: முதலில் உடம்பு, பிறகுதான் எஞ்சின்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிய மறுவாரமே எஞ்சினைக் கழற்றிவிடுகிறவர்கள் பலர். ஆறு மாதத்தில் எஞ்சின் புதுமெருகோடு தயாராகிவிடும். அதைச் சுமக்க வேண்டிய உடம்போ அடியில் துருவேறி உதிர்ந்துகொண்டிருக்கும். கையிருப்பும் கரைந்து, ஆசையும் அடங்கி, கடைசியில் பெட்டி பெட்டியாக உதிரிப் பாகங்களோடு அந்தக் கார் விற்பனைக்கு வரும். அப்படி வந்த ஒன்றைத்தான் நானும் வாங்கினேன். அதனால்தான் வேலைகளின் வரிசையை இவ்வளவு வற்புறுத்துகிறேன்: உடம்பு, பிரேக், எஞ்சின், மாற்றங்கள், எல்லாம் முடிந்த பிறகு முழு பெயிண்ட்.

எந்தக் கார்?

முதல்முறை இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது எம்.ஜி.பி. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் அது. அதனால் உதிரிப் பாகம் கிடைக்காத கவலை இல்லை. 1988 முதல் முழு உடற்கூடே புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. நான்கு சிலிண்டர் கொண்ட 1798 சி.சி. எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். கணினி கிடையாது. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் தொட்டே குறையைக் கண்டுபிடித்துவிடலாம்.

என்னிடம் இருப்பது 1966-இல் வந்த ரோட்ஸ்டர், அதாவது திறந்த கூரை வண்டி. அந்த ஆண்டுக் காருக்கே உரிய சில விவரங்கள் கீழே வரும். 1974-க்குப் பிறகு வந்தவற்றில் குரோம் பம்பர் போய் ரப்பர் பம்பர் வந்தது. வண்டியின் உயரமும் கூடியது. விலையில் அவை சற்று இறங்கியே கிடைக்கும். அடிப்படை வேலை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

தொடங்கும் முன்

இந்தக் காரின் போல்ட்டுகள் அங்குல அளவு கொண்டவை. 7/16, 1/2, 9/16 அளவு ஸ்பானர்கள் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்துச் சமாளித்தால் போல்ட்டின் தலை மழுங்கிப்போகும். அதைக் கழற்றுவதற்கே ஒரு மாலை போய்விடும்.

ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் படுக்காதீர்கள். ஆக்சில் ஸ்டாண்டு என்ற நிலையான தாங்கிகளை வைத்து, காரைக் கையால் அசைத்துப் பார்த்து, அது நகரவில்லை என்று உறுதியான பிறகே உள்ளே போகவேண்டும். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கழற்றும் ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுங்கள். சிறு பைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ‘இடது கதவுக் கீல், மேல்’ என்று எழுதிய ஒரு பை ஒரு வருடம் கழித்து உங்கள் சனிக்கிழமையைக் காப்பாற்றும்.

துருவைத் தேடுங்கள்

எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகடுகளைச் சேர்த்துச் செய்த உடம்புதான் எல்லாச் சுமையையும் தாங்குகிறது. ரோட்ஸ்டரில் கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் முதுகெலும்பு. அதை ஸில் என்பார்கள். உள் தகடு, வெளித் தகடு, இரண்டுக்கும் நடுவே நிற்கும் மூன்றாவது தகடு, அடியில் கோட்டை மதில் போலப் பல் பல்லாக வெட்டிய ஒரு பட்டை, இவை சேர்ந்ததே ஸில்.

ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி ஸில் நெடுக இழுத்துப் பாருங்கள். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்கும். பட்டி பூசி மறைத்த இடத்தில் வழுக்கிவிடும். பிறகு ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அழுகிய தகட்டில் மொத்தென்று கேட்கும்.

என் காரில் காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது. தட்டினால் மட்டும் ஒலி சரியாக இல்லை. கிரைண்டரால் கையகலம் வெட்டித் திறந்து பார்த்தேன். பழைய ஸில்லின் மேலேயே இன்னொரு தகட்டைக் கவிழ்த்து, விளிம்பில் வெல்டிங் செய்து, கருப்புத் தார் பூசியிருந்தார்கள். உள்ளே விரலை விட்டால் பழுப்பு நிறத்தில் செதில் செதிலாகக் கொட்டியது. ஒரு டம்ளர் நிறைய அள்ளினேன். நடுத் தகடு என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. புதுத் தகடு மேலே மின்ன, உள்ளே சுமை தாங்க எதுவும் இல்லாமல் அந்தக் கார் சாலையில் ஓடியிருக்கிறது என்று நினைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெயிண்டின் பளபளப்பைப் பார்க்காமல் இந்த இடத்தைப் பாருங்கள்.

இருக்கைகளுக்குப் பின்னே பேட்டரிப் பெட்டிகள், தரைத் தகட்டின் ஓரம், முன் மட்கார்டின் கீழ்முனை, இவற்றையும் சோதியுங்கள். 1966 காரில் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருக்கும். அமிலம் சிந்திச் சிந்தி அந்தப் பெட்டிகளின் அடி ஓட்டையாகியிருப்பது வழக்கம்.

ஸில் மாற்றுவது

முதல் காரில் இதைத் தனியே செய்யவேண்டாம். வெல்டிங் வகுப்பு ஒன்றில் சேர்ந்து, பழைய தகட்டுத் துண்டுகளில் நிறையப் பழகுங்கள். அல்லது வெட்டுவதையும் பொருத்துவதையும் நீங்கள் செய்து, வெல்டிங்குக்கு மட்டும் தேர்ந்தவரை அழையுங்கள். யார் செய்தாலும் முறை ஒன்றுதான்.

வெட்டுவதற்கு முன் கதவு வாசலைக் கட்டவேண்டும். சதுர இரும்புக் குழாயை எடுத்து, கதவுக் கீல் இருக்கும் தூணையும் பூட்டு விழும் தூணையும் இணைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். இதைச் செய்யாமல் ஸில்லை வெட்டினால் ரோட்ஸ்டரின் நடுப்பகுதி தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டை வெல்டிங் செய்துவிட்டால் அந்தக் கதவு ஆயுளுக்கும் சரியாக மூடாது. கார் சாலையில் நிற்பது போலவே தன் எடை சக்கரங்கள், ஸ்பிரிங்குகள் வழியாக இறங்கும்படி சமமான தரையில் நிற்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வெட்டாதீர்கள்.

பழைய தகட்டை அகற்றியதும் உள் தகடு நல்லதா என்று பார்த்து, நடுத் தகடு, அடிப்பட்டை, வெளித் தகடு என்ற வரிசையில் கிளாம்ப் போட்டுப் பொருத்துங்கள். உடனே வெல்டிங் செய்யவேண்டாம். கதவை மாட்டி மூடிப் பாருங்கள். கதவின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கவேண்டும். என் காரில் பூட்டுப் பக்கம் மேலே 3 மி.மீ., கீழே 6 மி.மீ. என்று வந்தது. கிளாம்ப்களைத் தளர்த்தி, குழாயின் போல்ட்டைச் சரிசெய்து, மறுபடி மூடி, மறுபடி அளந்து, இப்படியே ஒரு நாள் முழுவதும் போயிற்று. கடைசியில் கதவு ‘க்ளிக்’ என்று தானாக விழுந்தபோது கிடைத்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை. அந்த ஒரு நாளை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வெல்டிங்குக்கு, கம்பியைத் தானே ஊட்டும் மிக் இயந்திரமும் 0.6 மி.மீ. கம்பியும் போதும். நீளமாக ஒரே கோடு இழுத்தால் சூட்டில் தகடு நெளியும். இங்கே ஒரு பொட்டு, அடுத்தது தள்ளி ஒரு பொட்டு என்று தாவித் தாவி வையுங்கள். அதற்கு முன்பே பேட்டரியையும் பெட்ரோல் டாங்கையும் கழற்றி வெளியே கொண்டுபோயிருக்க வேண்டும், கம்பளங்களும் போகவேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் அரைமணி நேரமாவது அங்கேயே இருங்கள். தரைத் தகட்டில் ஒட்டிய தார் அட்டை புகைய ஆரம்பிப்பது பெரும்பாலும் நாம் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகுதான்.

வெல்டிங் செய்த இடங்களுக்கு பிரைமரோடு நிறுத்தாமல் மேல்பூச்சும் கொடுங்கள். வெறும் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். பூச்சு காய்ந்ததும் ஸில்லின் உள்ளே மெழுகைப் பீய்ச்சுங்கள். அடுத்த இருபது வருடங்களுக்கு அந்த மெழுகுதான் காவல்.

பிரேக்

இதில் சிக்கனம் கூடாது. ரப்பர் குழாய்கள், சக்கர சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வளையங்கள், அனைத்தும் புதிது. இரும்புக் குழாய்களுக்குப் பதில் துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் குழாய் போடுங்கள். 1966 காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தால் மிதி தரையோடு போய்விடும். கைபிரேக் மட்டுமே மிஞ்சும். டாட் 4 ரக பிரேக் எண்ணெய் ஊற்றி, மிதியை அழுத்த உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து, காற்றுக் குமிழி நிற்கும்வரை வெளியேற்றுங்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

எஞ்சினை எழுப்புவது

பல வருடம் நின்ற எஞ்சினில் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு நான்காவது கியரில் வைத்து காரை மெதுவாகத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. பழைய எண்ணெயை மாற்றி 20டபிள்யூ-50 ரக எஞ்சின் எண்ணெய் ஊற்றுங்கள். பிளக்குகள் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் சுற்றி, எண்ணெய் அழுத்த முள் எழும்பிய பிறகே பிளக்குகளை மாட்டுங்கள்.

வால்வு இடைவெளி, அதாவது வால்வின் முனைக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ள சந்து, 0.015 அங்குலம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. எந்த வால்வை எப்போது சரிசெய்வது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: வால்வுகளை முன்னிருந்து 1 முதல் 8 வரை எண்ணுங்கள், அழுந்திய வால்வின் எண்ணையும் சரிசெய்யும் வால்வின் எண்ணையும் கூட்டினால் 9 வரவேண்டும். 8-ஆம் வால்வு முழுவதும் அழுந்தியிருக்கும்போது 1-ஆம் வால்வைப் பாருங்கள். 6 அழுந்தியிருந்தால் 3, 4 அழுந்தியிருந்தால் 5. எட்டு வால்வுகளும் இந்தக் கணக்கில் அடங்கிவிடும்.

அடுத்து எஸ்.யு. கார்புரேட்டர்கள். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும். எஞ்சின் சூடாகி ஓடும்போது, இரண்டையும் இணைக்கும் கம்பியின் பிடிகளைத் தளர்த்திவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வையுங்கள். உஸ் என்ற சீறல் கேட்கும். அடுத்ததற்கு மாற்றிக் கேளுங்கள். சத்தம் குறைவானதன் ஓட்டத் திருகைச் சிறிது திருப்பி, இரண்டும் ஒரே சுருதியில் சீறும்வரை மாறி மாறிக் கேட்கவேண்டும். பழகிய காதுக்குக் கருவியே தேவையில்லை.

கலவையைச் சரிபார்க்க, கார்புரேட்டரின் பிஸ்டனை அதன் சிறு ஊசியால் அரைக்கால் அங்குலத்தில் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.8 மி.மீ. உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் ஒரு நொடி கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. கூடிய வேகம் அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணைந்தால் பெட்ரோல் குறைவு. கீழேயுள்ள ஆறுமுக நட்டை ஒரு முகம் திருப்பி மீண்டும் பாருங்கள். மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும்.

மாற்றங்கள்

என் விதி, நான் போட்டதை இன்னொருவர் ஒரு நாளில் கழற்றிப் பழையபடி ஆக்க முடியவேண்டும் என்பது. முதலில் செய்யத் தக்கது மூன்று முனை சீட் பெல்ட். அடுத்து, தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டுகளுக்குப் பதில் மின்னணு இக்னிஷன். 1967 வரை வந்த கார்களில் உடம்போடு இணைவது பேட்டரியின் நேர்முனை. பல புதிய கருவிகளுக்கு அதை எதிர்முனையாக மாற்றவேண்டும், அப்போது ஆர்.பி.எம். காட்டியை உள்ளே மாற்றியமைக்காவிட்டால் அது வேலை செய்யாது. நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஐந்து கியர் பெட்டி பெரிய ஆறுதல். பழைய கியர்பாக்ஸைப் பத்திரப்படுத்துங்கள்.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வாய்ப்பு வந்தால் கடினப்படுத்திய வால்வு இருக்கைகள் போட்டுவிடுங்கள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது, ஈயம் இல்லாத இன்றைய பெட்ரோலில் பழைய இருக்கைகள் தேயும். பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும். எரிபொருள் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள்.

பிரிட்டனில் 40 வயது தாண்டிய கார்களுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. உடம்பிலோ சஸ்பென்ஷன் வகையிலோ எஞ்சினின் சிலிண்டர் எண்ணிக்கையிலோ பெரிய மாற்றம் செய்தால் அந்த விலக்கு போகலாம். விலக்கு இருந்தாலும் நான் ஒவ்வோர் ஆண்டும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். இன்னொரு ஜோடிக் கண்கள் என் வெல்டிங்கைப் பார்ப்பது நல்லது.

முதல் ஓட்டம்

முதல் நாள் வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் போதும். பத்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள், திரும்பி வந்து அடியில் எங்காவது சொட்டுகிறதா என்று அட்டை விரித்துப் பாருங்கள். கம்பிச் சக்கரம் உள்ள காரானால் நடு நட்டைச் செம்புச் சுத்தியலால் மறுபடி தட்டி இறுக்குங்கள். கழற்றும் திசை நட்டின் மேலேயே பொறித்திருக்கும், வலப்பக்கத்தில் மரை எதிர்த் திசையில் இருக்கும். முப்பது கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை தட்டுங்கள். முதல் முறை இறுகாத நட்டு பெரும்பாலும் இந்த இரண்டாவது தட்டலில் கால் சுற்று நகரும்.