பன்றிச் செல்லில் பிசிபிபி: வைரஸ் குறைந்தால் மட்டும் போதுமா?

பன்றிகளைத் தாக்கும் பிஆர்ஆர்எஸ் வைரஸை ஆராய்பவர்கள் பிசிபிபி என்ற புரதத்தைத் தாண்டிப் போக முடியாது. பன்றியின் சொந்தப் புரதம்தான். ஆர்என்ஏவில் 'சி' எழுத்து நெருங்கி வரும் இடங்களைப் பற்றிக்கொள்ளும். வைரஸின் என்எஸ்பி1பீட்டா என்ற புரதம் இதைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு வைரஸ் ஆர்என்ஏவில் போய் ஒட்டுகிறது. அங்கே வரும், ஆர்என்ஏவை வாசித்துப் புரதம் செய்யும் ரைபோசோம்களில் சில, இரண்டு எழுத்து பின்னால் சறுக்கி, வேறு சட்டகத்தில் வாசிக்கின்றன. அதனால் என்எஸ்பி2டிஎஃப் என்ற புரதமும் வைரஸுக்குக் கிடைக்கிறது.

இதில் அடிக்கடி நடக்கும் பெரிய தவறு: எஸ்ஐஆர்என்ஏ (குறிவைத்த மரபணுவை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) போட்டு, பிசிபிபி குடும்பத்தைச் சேர்ந்த பிசிபிபி2-ஐக் குறைக்கிறார்கள், வைரஸ் குறைகிறது, உடனே "சறுக்கல் நின்றுவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். பிசிபிபி2-க்கு இன்னொரு வேலையும் உண்டு. வைரஸ் வந்த சேதியைக் கடத்தும் எம்ஏவிஎஸ் புரதத்தை அழிக்க அது உதவுகிறது. அதைக் குறைத்தால் இன்டர்ஃபெரான் என்ற புரதங்களால் செல் வைரஸுக்குக் காட்டும் எதிர்ப்பு வலுக்கும்; சறுக்கல் மாறாமலேயே வைரஸ் குறையலாம். வைரஸின் அளவை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. சறுக்காமல் வாசித்தால் கிடைக்கும் என்எஸ்பி2-க்கும், சறுக்கினால் கிடைக்கும் என்எஸ்பி2டிஎஃப்-க்கும் உள்ள விகிதத்தை அளக்க வேண்டும். அப்புறம், எஸ்ஐஆர்என்ஏவுக்குச் சிக்காத பிசிபிபியைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கூடவே, பிசிபிபி ஆர்என்ஏவைப் பற்றும் கேஹெச் பகுதிகளில் ஜிஎக்ஸ்எக்ஸ்ஜி வளையத்தை மாற்றி ஆர்என்ஏவைப் பற்ற முடியாமல் செய்த வடிவத்தையும். முதலாவது பழைய நிலையை மீட்டு, இரண்டாவது மீட்காவிட்டால், அப்போது பேசலாம்.

எதுவும் மாறவில்லை என்றாலும் அவசரப்படக் கூடாது. சறுக்கலுக்கு பிசிபிபி1, பிசிபிபி2 இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். ஒன்றை மட்டும் குறைத்துவிட்டு "பங்கில்லை" என்று முடிப்பது வீண்.

பிசிபிபி1 மரபணுவில் இன்ட்ரானே (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டு) கிடையாது. வழக்கமாக இன்ட்ரானைத் தாண்டி பிரைமர் வைத்து டிஎன்ஏ கலப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறோமே, அந்த வழி இங்கே அடைபட்டுவிட்டது. மாதிரியில் டிஎன்ஏ ஒட்டியிருந்தால் ஆர்என்ஏவின் அளவைக் காட்டும் கியூபிசிஆர் சோதனை அதையும் சேர்த்து எண்ணும். டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதி போடுங்கள்; ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய் ஒன்றையும் கட்டாயம் ஓட்டுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் குறைப்பு நிஜமா என்பது இதில்தான் தெரியும்.

சரி, எந்தச் செல்லில் செய்வது? மார்க்-145 வசதியானது, ஆனால் அது குரங்குச் சிறுநீரகச் செல். அதில் கண்டதைத் தலைப்பில் 'பன்றிச் செல்லில்' என்று போடக் கூடாது. பிகே-15 பன்றியுடையதுதான், ஆனால் சிடி163 ஏற்பியைச் சேர்த்தால் ஒழிய பிஆர்ஆர்எஸ் அதைத் தொற்றாது. போதாக்குறைக்கு, பன்றி சர்க்கோவைரஸ் 1 முதன்முதலில் 1974-இல் பிகே-15 செல்களில் கலப்பாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. உங்கள் கையிலுள்ள செல்லைச் சோதித்துவிடுங்கள். வைரஸ் உண்மையில் குடியிருப்பது நுரையீரலின் நோயெதிர்ப்புச் செல்லான மேக்ரோஃபேஜில். எஸ்ஐஆர்என்ஏவை அதற்குள் ஏற்றுவது சிரமம், ஏற்றும் முறையே இன்டர்ஃபெரானைக் கிளப்பவும் கூடும். அதனால் எந்த மரபணுவையும் குறிவைக்காத எஸ்ஐஆர்என்ஏவோடு, ஒன்றுமே போடாத செல்லையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.