வீட்டை எண்ணி வளவை மறந்தால்: வன்னி மீள்கட்டுமானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பிரதான வீதியை விட்டு உள்ளே இறங்கும் கிரவல் ஒழுங்கைகளில் ஒரு வகை வீட்டைக் காணலாம். கூரை போட்டு ஆண்டுகள் கடந்திருக்கும். ஆனால் சுவருக்குப் பூச்சு இராது, யன்னல் இருக்க வேண்டிய இடத்தில் தகரமோ தறப்பாளோ கட்டப்பட்டிருக்கும். திட்ட அறிக்கையில் அது ‘பூர்த்தியான வீடு’. உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், நகை அடைவு வைத்த துண்டும் கிழமைக் கடன் புத்தகமும் வெளியே வரும். போருக்குப் பிந்திய மீள்கட்டுமானத்தில் நேர்ந்த பெரும்பாலான தவறுகளை இந்த ஒரு வளவுக்குள் நின்றே விளங்கிக்கொள்ளலாம். வீடு ஒரு கோப்பிலும், காணி வேறொரு கோப்பிலும், குளமும் கடனும் இன்னும் இரண்டு கோப்புகளிலும் இருக்கின்றன; குடும்பத்துக்கோ அவை எல்லாம் ஒரே வேலிக்குள் இருக்கின்றன.

2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் முகாம்களில் இருந்தனர். அவற்றுள் பெரியதான மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. பயனாளியே நின்று கட்டுவது அதன் முறை. ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைப்பதை விட அது நல்ல முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. தவறு பணம் வந்து சேர்ந்த ஒழுங்கில் இருந்தது. ஒரு கட்டத்தை முடித்துக் காட்டினால்தான் அடுத்த கொடுப்பனவு என்னும்போது, அந்தக் கட்டத்தை முடிப்பதற்கான கைக்காசு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை. அயலில் எல்லோரும் ஒரே காலத்தில் கட்டியதால் மணலும் மேசன் கூலியும் ஏறின; வீட்டு வேலையில் நின்ற நாட்களில் கூலி வேலைக்குப் போக முடியாததால் அன்றாட வருமானமும் நின்றது. வளர்ந்த பெண் பிள்ளை இருக்கிறாள், ஓர் அறையைக் கூட்டிப் போடுவோம் என்று அத்திவாரத்தை அகலமாக வெட்டியவர்களும் உண்டு. சீதனமாக வீடு கொடுக்கும் வழக்கமுள்ள ஊரில் இதை எதிர்பாராமல் திட்டமிட்டது அவர்களுடைய பிழையன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் முற்பணம் கொடுப்பது, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகச் சீமெந்தையும் மணலையும் மொத்தமாக வாங்குவது, கட்டும் காலத்துக்கு ஒரு சிறு படி கொடுப்பது ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்திருந்தால் அடைவுக்கடை வாசல் இவ்வளவு நிறைந்திராது.

வேகமாக முடிப்பதற்காக, பகுதிகளை முன்பே செய்து கொண்டுவந்து பூட்டும் பொருத்து வீட்டை நாடுவது இதற்கு மாற்று ஆகாது. 2015–16 காலப்பகுதியில் 65,000 இரும்பு வீடுகளை, ஒன்று 20 இலட்சம் ரூபாய்க்கு மேல் என்ற விலையில் அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அந்த வெயிலுக்கு அது பொருந்தாது, பழுதானால் ஊர் மேசனால் திருத்த முடியாது, அதே பணத்தில் கல்வீடு இரண்டு கட்டலாம் என்று மக்கள் பிரதிநிதிகளும் பொறியியலாளர்களும் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது.

அறுவடைக்கு முன்பே கடனைக் கொண்டுவந்து இறக்குவது அடுத்த தவறு. யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ-9 வீதி திறந்ததும் நுண்கடன் நிறுவனங்கள் வந்துவிட்டன. நெல் மாரி மழையை நம்பிய காலபோகத்தில் ஒரு தடவையும், தண்ணீர் இருந்தால் கோடைக்காலச் சிறுபோகத்தில் இன்னொரு தடவையும் விளையும்; மாடு கன்று ஈன்ற பிறகே பால் தரும்; கடன் தவணையோ ஒவ்வொரு கிழமையும் வரும். இந்த இரண்டு நாட்காட்டிகளும் பொருந்தாத இடத்தில், முதற் கடனைக் கட்ட இரண்டாம் கடன் என்ற சங்கிலி தொடங்குகிறது. 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்ததும், வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு விதித்ததும் நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்குச் சான்று. 35 சதவீதமே நிவாரணமாகத் தெரிந்த காலம் அது.

வாழ்வாதார உதவியிலும் இதே கண்மூடித்தனம் இருந்தது. பெண் தலைமைத்துவக் குடும்பம் என்றால் தையல் இயந்திரம், மற்றவர்களுக்குக் கோழி அல்லது மாடு என்று பட்டியல் முன்பே எழுதப்பட்டுவிடும். ஒரே ஒழுங்கையில் பத்து வீட்டுக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால் சட்டை தைக்கக் கொடுப்பவர் யார்? மேய்ச்சல் தரையை ஒதுக்காமல் மாடு கொடுத்தால் அது அயலவர் பயிருக்குள் இறங்கும். பிறகு உதவி பெற்றவரே தண்டம் கட்ட வேண்டும்.

நீரைப் பற்றி, அதை நம்பி விதைப்பவரைக் கேட்காமல் முடிவெடுப்பது இவை எல்லாவற்றிலும் பெரிய தவறு. கிளிநொச்சியில் உள்ள, வடக்கின் மிகப் பெரிய குளமான இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டம், 2010 அளவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் வகுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் தாகம் உண்மையானது. கிணறுகளில் உவர் ஏறுவதை அங்குள்ளோர் அறிவர். ஆனால் இரணைமடுவில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதையே ஒவ்வோர் ஆண்டும் கூட்டம் கூடி, குளத்தில் இருக்கும் நீரைப் பார்த்து, பங்கிட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள். எல்லா வயலுக்கும் போதாத நீரில் இன்னொரு மாவட்டத்துக்கும் பங்கு என்றால், வாய்க்காலின் கடைசியில் இருப்பவர் முதலில் கணக்குப் பார்ப்பார். கமக்காரர் அமைப்புகள் எதிர்த்தன, ஆண்டுகள் ஓடின, இரு மாவட்டத்தாருக்கும் இடையில் வீண் மனக்கசப்பு வளர்ந்தது. இறுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தின் கடற்கரை ஊரான தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல்தான் திறக்கப்பட்டது. சிறுபோகக் கூட்டத்துக்குப் பொறியியலாளர்கள் முதல் ஆண்டிலேயே போய் உட்கார்ந்திருந்தால், மாற்று வழியைத் தேடும் வேலை அப்போதே தொடங்கியிருக்கும்.

யார் திரும்பி வருபவர் என்பதைக் குறுக்கி எண்ணுவதும் தவிர்க்க வேண்டியதே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், கடைசிப் போரில் இடம்பெயர்ந்தவர்களைக் கணக்கிட்ட திட்டங்களில் ‘பழையவர்கள்’ என்று பின்வரிசைக்குப் போனார்கள். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஒரு குடும்பம் மூன்றாகப் பெருகியிருக்க, காணியும் பதிவும் ஒன்றாகவே இருந்தன. சொந்தக் காணிக்குப் பதிலாக மாதிரிக் கிராமத்தைக் கொடுத்து விடயத்தை முடிக்கலாம் என்ற எண்ணமும் பலிக்கவில்லை. முல்லைத்தீவில் படையினர் காணிகளைப் பிடித்திருந்த கேப்பாபிலவு மக்களை 2012இல் சீனியாமோட்டை மாதிரிக் கிராமத்தில் குடியேற்றினார்கள். அதே பகுதியின் பிலக்குடியிருப்பு மக்கள் 2017இன் தொடக்கத்தில் ஒரு மாதம் வீதியோரத்தில் இரவு பகலாக இருந்து, மார்ச் 1ஆம் திகதி தங்கள் காணிக்குள் போனார்கள்.

காணிப் பத்திரத்தைக் கடைசி வேலையாக வைத்ததன் சுமை பெண்கள் மீதே விழுந்தது. வன்னியில் பெரும்பகுதிக் குடியேற்றக் காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். அந்தப் பத்திரத்தில் கணவர் பெயர் இருக்கும். அவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், இறந்தவர் என்று மனைவி எழுதிக் கொடுக்க மாட்டார், உயிருடன் இருக்கிறார் என்று காட்டவும் இயலாது. காணாமல்போனவர் என்றே பதிவுசெய்து சான்றிதழ் பெற 2016இல்தான் சட்டம் வழிவிட்டது. அதற்குள் வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதி நடந்தேறிவிட்டது. பிரதேச செயலகமும் பதிவாளரும் காணி அலுவலரும் ஒன்றாக வந்து இருக்கும் நடமாடும் சேவையைப் பாடசாலை மண்டபத்தில் நடத்துவது அங்கு பழகிய நடைமுறைதான். அதை வீடு திறக்கும் ஆண்டில் அல்லாமல், அத்திவாரம் வெட்டுவதற்கு நூல் பிடிக்கும் முன்பே நடத்த வேண்டும்.