பொறுப்பு வரும்போது தன்னை எடைபோடுவது எப்படி?

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது போதகர் நம்மை நிறுத்தி, “அடுத்த மாதம் வாலிபர் ஞாயிறன்று நீங்கள் தேவசெய்தி கொடுக்க வேண்டும்” என்று கேட்டால், பெரும்பாலும் நம் வாயிலிருந்து உடனே வரும் பதில், “ஐயா, எனக்கு அதற்கெல்லாம் தகுதியில்லை” என்பதுதான். கேட்பவர்களுக்கு அது தாழ்மையாகத் தோன்றும். ஆனால் அந்த ஒரே வாக்கியத்துக்குள் உண்மையான இயலாமை இருக்கலாம். கூட்டத்தைக் குறித்த பயம் இருக்கலாம். இன்னும் இரண்டு முறை வற்புறுத்திக் கேட்கட்டுமே என்கிற எதிர்பார்ப்பும் இருக்கலாம். ஆகவே பதில் சொல்லுமுன் ஒரு நாள் அவகாசம் கேட்டு, இம்மூன்றில் எது தன்னைப் பேசவைக்கிறது என்று ஜெபத்தோடு பார்ப்பதே முதல் வேலை.

இதற்கு மோசேயின் அழைப்பைக் கவனமாக வாசிக்கலாம். பார்வோனிடத்துக்குப் போக “நான் எம்மாத்திரம்” என்று அவர் கேட்டபோது தேவன் கோபப்படவில்லை. “நான் உன்னோடே இருப்பேன்” என்றார். மந்தநாவைக் குறித்துச் சொன்னபோதும் பொறுமையாகவே பதில் அளித்தார். வேறு யாரையாவது அனுப்பும் என்று மோசே ஒதுங்கியபோதுதான் அவர்மேல் கர்த்தருக்குக் கோபம் மூண்டதாக யாத்திராகமம் 4:14 சொல்லுகிறது. குறையைச் சொல்வது வேறு, குறையைக் காட்டித் தப்பித்துக்கொள்வது வேறு. எனவே “தகுதியில்லை” என்று பொதுப்படையாகச் சொல்வதை விட்டு, எது குறைவோ அதை மட்டும் சொல்லி உதவி கேளுங்கள்: “இந்த வேதபகுதியை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று ஒருமுறை பார்த்துச் சொல்வீர்களா?”

அடுத்தது அளவெடுத்தல். தன்னைக்குறித்து எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல் தெளிந்த எண்ணத்தோடு எண்ணவேண்டும் என்று பவுல் ரோமர் 12:3-ல் எழுதியபின், உடனே ஒரே சரீரத்தின் பல அவயவங்களைப் பற்றியும் வெவ்வேறு வரங்களைப் பற்றியும் பேசுகிறார். கணக்கை இரு பக்கமும் நேர்மையாகப் பார்க்கச் சொல்லும் வசனம் இது. ஒரு தாளை எடுத்து, இதுவரை நீங்கள் செய்த எந்த வேலை பிறருக்கு உண்மையில் பயன்பட்டது, எதில் தடுமாறினீர்கள் என்று எழுதி, உங்கள்மேல் பிரியமுள்ள ஒருவரிடமும், முகத்துக்கு நேரே பேசக்கூடிய ஒருவரிடமும் காட்டுங்கள். (இரண்டாமவர் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பார்.) கோலியாத்தோடு போரிடப் போகுமுன் தாவீது சவுல் ராஜாவிடம் சிங்கத்தையும் கரடியையும் கொன்றதைத் தயக்கமின்றிச் சொன்னார், தப்புவித்தவர் கர்த்தர் என்பதையும் சேர்த்துச் சொன்னார், சவுலின் ஆயுத வர்க்கங்களை அணிவித்தபோதோ, அதில் தனக்குப் பழக்கமில்லை என்று கழற்றிவைத்தார். திறமையையும் பழக்கமின்மையையும் ஒரே நாளில் ஒரே மனிதர் கூச்சமில்லாமல் சொல்ல முடிந்தது. அதற்குமுன் அவர் போர்க்களத்துக்கு வந்ததையே அண்ணன் எலியாப் அகங்காரம் என்றார். தாவீது அவரோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை.

மிகவும் கடினமான பகுதி ஒப்பிடுதல்தான். எல்லாரும் இடறலடைந்தாலும் நான் இடறலடையேன் என்று, இயேசுவை மறுதலிப்பதற்குமுன் பேதுரு சொன்ன வாக்கியத்தில் பழுது தைரியத்தில் இருந்ததைவிட “எல்லாரும்” என்ற சொல்லில் இருந்தது என்பது என் கருத்து. திபேரியா கடற்கரையில், “இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா” என்று இயேசு கேட்டபோது, பேதுரு “இவர்களிலும்” என்பதைத் தொடவே இல்லை. “உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பின் பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் எழுந்து நின்று பேசியவரும் அதே பேதுருதான். தைரியம் போகவில்லை, ஒப்பீடு மட்டும் போய்விட்டது. செய்தியைத் தயாரிக்கும் நாட்களில், “போன மாதம் பேசியவரைவிட” என்ற எண்ணம் வரும்போதெல்லாம், நமக்கு மேலே இருப்பவரை நினைத்துச் சோர்ந்தாலும் கீழே இருப்பதாக நாம் எண்ணுபவரை நினைத்து மகிழ்ந்தாலும், அதை அந்த இடத்திலேயே நிறுத்தி, கேட்கப்போகிறவர்களில் ஒருவருடைய தேவையை நினைத்து ஜெபிப்பது நல்ல பழக்கம்.

பாராட்டு வரும்போது “நன்றி, எனக்கு மகிழ்ச்சி” என்று சொன்னால் போதும். “எல்லா மகிமையும் கர்த்தருக்கே” என்பது உண்மையான அறிக்கைதான். ஆனால் அதையே நாம் இன்னொரு பாராட்டுக்குத் தூண்டிலாக வீசுவதுண்டு. பவுல் தம் உழைப்பை மறைக்கவில்லை. “அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்” என்று 1 கொரிந்தியர் 15:10-ல் வெளிப்படையாக எழுதி, அது தம்முடனே இருந்த தேவகிருபை செய்தது என்று முடித்தார்.

தாழ்மையுள்ளவர் வாய்மூடி இருக்கவேண்டும் என்று எண்ணுகிறவர்கள் வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நினைக்கலாம். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அவர், தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு மிஷனெரியாகப் போனவர். 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், மிஷனெரிமாரின் தியாகத்தை நன்றியோடு ஒப்புக்கொண்டு, அதே பேச்சில், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அவர்களுடைய மேட்டிமையையும் சுட்டிக்காட்டினார். நன்றி பொய்யில்லை, குறையும் விழுங்கப்படவில்லை. 1912-ல் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

பேச்சு நன்றாக அமைந்தால் அதற்குப் பின்வரும் வாரங்களே ஆபத்தானவை. உசியா ராஜா பலப்பட்டபின்புதான் மனமேட்டிமையாகி, தன்னுடையதல்லாத தூபங்காட்டும் வேலையில் கைவைத்தார் என்று 2 நாளாகமம் 26 சொல்லுகிறது. ஆகையால் யாரும் கவனிக்காத ஒரு வேலையை, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் பாய்களைச் சுருட்டிவைப்பதுபோல ஒன்றை, விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதை அறிந்தே இயேசு சீஷருடைய கால்களைக் கழுவச் சீலையை அரையில் கட்டிக்கொண்டார் என்று யோவான் 13 குறிக்கிறது. அடுத்த முறை போதகர் உங்களையே அழைத்தால், இதுவரை பேசாத ஓர் இளையவரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் பேசும் நாளில் முன்வரிசையில் உட்கார்ந்து, திருத்தங்களை மனதில் எழுதாமல் செய்தியைக் கேளுங்கள்.