மலையூர் நூலகத்தில் குழந்தைகள் நிகழ்ச்சி: எங்கெங்கே சறுக்குகிறது?

நீலகிரியிலோ பழனி மலையிலோ ஒரு கிளை நூலகத்தில் நடத்திய குழந்தைகள் நிகழ்ச்சி படுத்துவிட்டால், பழி கதைசொல்லி மேல் விழும். இல்லாவிட்டால் 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை' என்று முடித்துவிடுவார்கள். கதை பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். குறித்த தேதி, தொடங்கிய நேரம், உட்கார வைத்த தரை, வீடு திரும்பும் பஸ் என்று ஏதோ ஒன்று காலை வாரியிருக்கும். கோவையிலும் மதுரையிலும் சரியாக ஓடிய நிகழ்ச்சி நிரலை அப்படியே மேலே தூக்கி வருவதில்தான் சிக்கலே தொடங்குகிறது.

தேதி

கோடை முகாம் என்றால் கை தானாக மே மாதம் என்று எழுதிவிடும். ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவின் பழக் கண்காட்சி, கோத்தகிரி காய்கறிக் கண்காட்சி எல்லாம் நடக்கும் சீசன் அது. 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்த பிறகும், சீசன் நாளில் அரை மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரம் ஆவது மலையில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. டாக்ஸி ஓட்டும் அப்பாவும் காட்டேஜில் வேலை பார்க்கும் அம்மாவும் அந்த மாதத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து விட முடியாது. மீதிப் பிள்ளைகள் கீழே பாட்டி ஊர்த் திருவிழாவில் இருப்பார்கள். மே மாதத்தில்தான் நடத்தியாக வேண்டும் என்றால் காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். வண்டிகள் மேலே வந்து சேர்ந்து சாலை அடைபடுவதற்குள் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும்.

அடுத்த பொறி நவம்பர். குழந்தைகள் நாளான 14ஆம் தேதி தொடங்கி 20 வரை தேசிய நூலக வாரம். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் கொட்டித் தீர்ப்பதும் அப்போதுதான். 2009 நவம்பர் நிலச்சரிவுகளை நீலகிரி மறக்கவில்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இதே தொல்லை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மழைக்காலத்தில் நடத்தவே கூடாது என்பதில்லை, மழைக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளாமல் நடத்துவதுதான் தவறு. விதி ஒரே வரியில் இருக்கட்டும்: ஆட்சியர் பள்ளிகளுக்கு மழை விடுமுறை விட்டால் நிகழ்ச்சியும் இல்லை. மாற்றுத் தேதியையும் அதே அழைப்பிதழில் அச்சிட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் குழு ஒன்றையே நம்பாதீர்கள். எஸ்டேட் லைன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சிக்னல் வந்து வந்து போகும், மழை நாளில் கரண்டும் இருக்காது. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒரு கரும்பலகை தொங்கினால் செய்தி தானே நடந்து போய்ச் சேரும்.

எங்களைக் கேட்டால் காலாண்டு விடுமுறையும், ஜனவரி, பிப்ரவரி வார இறுதிகளும்தான் தோது. அதிலும் படுகர் சமூகத்தின் ஹெத்தையம்மன் பண்டிகை நாட்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; அவர்களுடைய ஊர்களான ஹட்டிகளிலிருந்து அன்று ஒரு பிள்ளையும் வராது. பழனி கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் வீட்டில் எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள். பள்ளி நாட்காட்டியில் இதெல்லாம் இருக்காது.

நேரம்: பஸ்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

தொடங்கும் நேரத்தை முடிவு செய்துவிட்டு முடிக்கும் நேரத்தை அதன் போக்கில் விடுவது எல்லா ஊரிலும் நடக்கும் தவறு. மலையில் அது ஆபத்து. டிசம்பரில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைகிறது என்றாலும், பள்ளத்தாக்கில் இருக்கும் ஊருக்கு நாலரைக்கே நிழல் விழுந்துவிடும். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கோத்தகிரிப் பக்கம் கரடி, கொடைக்கானல் தெருக்களில் காட்டெருமை, கூடலூர்ப் பக்கம் யானை. தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் பிள்ளைகளை அந்தியில் அனுப்பக் கூடாது.

கடைசிப் பிள்ளை ஏற வேண்டிய பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள். அதிலிருந்து அரை மணி கழித்தால் நிகழ்ச்சி முடியும் நேரம். இன்னும் ஒன்றரை மணி கழித்தால் தொடங்கும் நேரம். நாலரை பஸ் என்றால் நான்கு மணிக்கு முடிவு, இரண்டரைக்குத் தொடக்கம். காலை நிகழ்ச்சி என்றால், உறைபனி விழும் ஜனவரியில் ஒன்பது மணிக்குக் கூப்பிட்டுவிட்டுக் காலி அறையைப் பார்த்து வருந்திப் பயனில்லை. வெயில் ஏறிப் பதினொரு மணி ஆகட்டும்.

யார் பிள்ளையை யார் அழைத்துப் போனார்கள் என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். பிள்ளைகளுடன் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருவர் போனில் பேச வெளியே போனாலும் இன்னொருவர் அறையில் இருப்பார்.

தரையும் கரி அடுப்பும்

சிமெண்ட் தரையில் ஒற்றைக் கோரைப்பாய் விரித்து உட்கார வைத்தால் பத்தாவது நிமிடம் நெளியத் தொடங்குவார்கள். கதை பிடிக்காததால் இல்லை, குளிர் கீழிருந்து ஏறுகிறது. அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்தால் போதும், செலவே இல்லை. ஈரமான ஷூவும் சாக்ஸும் வாசலோடு நிற்கட்டும், உலர்ந்த பழைய சாக்ஸ் ஒரு கூடை நூலகத்திலேயே இருக்கட்டும்.

குளிருக்கு இதமாக இருக்கட்டுமே என்று கரிக் கங்கு அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு, ஜன்னலைச் சாத்திவிடும் வழக்கம் மலை வீடுகளில் உண்டு. நூலகத்தில் எந்தக் காரணத்துக்காகவும் இதைச் செய்யாதீர்கள். புகையே தெரியாமல் எரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிள்ளைகள் சொக்குவதைப் பார்த்துத் தூக்கக் கலக்கம் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

வாசித்துக் காட்டும்போது

மூன்று வயதையும் பன்னிரண்டு வயதையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்தால் இரண்டு பக்கமும் கெடும். ஐந்து வயதுக்குக் கீழே இருபது நிமிடம், ஆறு முதல் எட்டு வரை அரை மணி, அதற்கு மேல் ஒரு மணி நேரம் வரை தாங்கும். ஒரு குழுவுக்கு இருபது பேர் உச்சம். புத்தகம் ஏ4 அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கடைசிப் பிள்ளை எட்டு அடிக்குள் இருக்க வேண்டும். புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தால் வாசிப்பவர் குனிவார், குரல் மார்போடு நின்றுவிடும். தோளுக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். மழை மூட்டத்தில் மாலை மூன்றரைக்கே அறை இருண்டுவிடும். புரொஜெக்டரை நம்பிய நிகழ்ச்சி கரண்ட் போனதும் கலைந்துவிடும். சார்ஜ் விளக்கு ஒன்றும் கையில் ஒரு புத்தகமும் போதும்.

மொழி விஷயத்தில் நடக்கும் தவறுதான் பெரிது. படுகர் மொழியான படுகு பேசும் வீட்டுப் பிள்ளை, பந்தலூரில் மலையாளம் கலந்து பேசும் பிள்ளை, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை, பணியர், பளியர் பழங்குடி வீட்டுப் பிள்ளை என்று எல்லோரும் ஒரே பாயில் இருப்பார்கள். கதையைத் திருப்பிச் சொல்லும்போது நடுவில் 'அப்படிச் சொல்லக்கூடாது' என்று திருத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த மாதம் வராது. வீட்டு மொழியிலேயே சொல்லட்டும். பக்கத்துப் பிள்ளை அதைத் தமிழில் சொல்லட்டும். இரண்டு பேருக்கும் பயிற்சி. புத்தகம் எடுத்துக் கொடுக்கும்போது வகுப்பைக் கேட்காமல் படிநிலையைப் பாருங்கள். தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று பிரிக்கப்பட்டவை. நான்காம் வகுப்புப் பிள்ளை 'நுழை'யில் இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஈரத்தில் காயாத கைவேலை

சமவெளியில் பதினைந்து நிமிடத்தில் காயும் போஸ்டர் கலர், மூடுபனி நாளில் ஒரு மணி நேரம் கழித்தும் கையில் ஒட்டும். மைதாப் பசையில் நாலு நாளில் பூசணம் பூக்கும். சார்ட் ஈரம் குடித்துத் தொய்யும். க்ரேயான், கலர் பென்சில், மடித்துச் செய்யும் காகித வேலை, இவற்றோடு நில்லுங்கள்.

உள்ளூர்க் கலை என்ற பெயரில், நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூவேலையை ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கும் முயற்சி இன்னொரு வகைத் தவறு. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, மாதிரி வரையாமல் இழையை எண்ணி எண்ணிப் போடும் வேலை அது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. குழந்தைக் கையில் ஊசியைக் கொடுத்தால் இரண்டு அங்குலம் கூட நகராது. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் சிவப்பு, கறுப்பு பென்சிலால் கட்டம் எண்ணி நிரப்பச் சொன்னால் அந்தக் கணக்கு புரிந்துவிடும். தைத்துக் காட்டத் தோடர் பெண் ஒருவரை அழைத்தால் சன்மானம் கொடுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளின் படமும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தக் குழுவுக்கும் போகக் கூடாது.

தின்பண்டத்துக்கு பிளாஸ்டிக் தட்டும் சின்னத் தண்ணீர் பாட்டிலும் வாங்கிவந்து, தடை இருப்பது பிறகு நினைவுக்கு வருவதும் உண்டு. வீட்டிலிருந்து ஒரு டம்ளர் கொண்டுவரச் சொன்னால் தீர்ந்தது. சுக்கு கலந்த சூடான பால் ஆளுக்கு நூறு மில்லி, இருபது பேருக்கு இரண்டு லிட்டர்.

சிறப்பு விருந்தினரைப் பற்றி ஒரே வரி: வரத் தாமதமானால் காத்திருக்காமல் தொடங்குங்கள்.

கையில் புத்தகம் இல்லாமல் அனுப்புவது

இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். கதை, போட்டி, பரிசு, புகைப்படம் எல்லாம் முடிந்து பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது 'யாருக்குப் புத்தகம் வேணும்?' என்று கேட்டால் யார் நிற்பார்கள்? ஒரு பெயர் பதிய ஒரு நிமிடம், இருபது பேருக்கு இருபது நிமிடம். அதைக் கடைசியில் வைக்காதீர்கள். ஒன்றரை மணியை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: முதல் பதினைந்து நிமிடம் புத்தகங்களைப் புரட்ட, இருபது நிமிடம் வாசித்துக் காட்ட, பத்து நிமிடம் பால், மீதி நாற்பத்தைந்து நிமிடம் கைவேலை. அந்த நாற்பத்தைந்துக்குள்ளேயே நான்கு நான்கு பேராகக் கூப்பிட்டுப் பதிந்து கொடுத்துவிடலாம். இருபது பேருக்கு அறுபது புத்தகமாவது பரப்பியிருந்தால்தான் கடைசியில் வரும் பிள்ளைக்கும் தேர்ந்தெடுக்க ஏதாவது மிஞ்சும். உறுப்பினர் படிவத்தை ஒரு வாரம் முன்பே பள்ளி வழியாக வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

மழையில் நனைந்துவிடும் என்று பயந்து நல்ல படப்புத்தகங்களை அலமாரியில் பூட்டுவதும் உண்டு. நூல்கள் பயன்பாட்டுக்கே என்று நூலகவியல் முன்னோடியான சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931இலேயே நூலகவியலின் முதல் விதியாக எழுதிவைத்தார். மலையில் உடைந்த குடைக்குப் பஞ்சமில்லை. ஒரு குடைத் துணியில் இரண்டு மூன்று புத்தகப் பை தைக்கலாம், தண்ணீர் உள்ளே போகாது. அதையும் மீறி நனைந்து வந்தால் அடுப்பருகே வைக்காதீர்கள். வழவழப்பான தாள் சில மணி நேரத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிவிடும். உடனே பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் செருகி, ஈரம் ஏற ஏற மாற்றி, விசிறிபோல் விரித்து நிறுத்துங்கள்.

தூரத்து லைன்களிலிருந்தும் பழனி மேல்மலையில் மன்னவனூர், கவுஞ்சிப் பக்கமிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு, ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காக மட்டும் பஸ் ஏறி வருவது கட்டாது. அவர்கள் அட்டையில் அடுத்த நிகழ்ச்சித் தேதியையே திருப்பும் தேதியாகக் குறித்துவிடுங்கள்.