படகு ஷாப்டில் தண்ணீர் சொட்டுகிறதா? கிளாண்ட் பெக்கிங் மாற்றுவது எப்படி

உள்ளே டீசல் எஞ்சின் வைத்த பாய்ப்படகு ஒன்று மலைநாட்டுக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நிற்கிறது என்றால் கொழும்புக்காரர்கள் நம்புவதில்லை. ஆனால் தோட்டத்து பெக்டரியில் தண்ணீர் பம்ப் கழற்றிப் பூட்டியவர்களுக்கு அதன் ஷாப்ட் (எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் தண்டு) புது விஷயமே இல்லை. பம்பில் இருக்கும் அதே கிளாண்ட்தான். படகின் அடிப்பக்கத்தால் ஷாப்ட் வெளியே போகும் இடத்தில், தண்ணீர் உள்ளே வராமலிருக்க, மெழுகு ஊறிய சதுரக் கயிற்றை (இதுதான் பெக்கிங்) வளையங்களாக அடுக்கி, பெரிய நட் ஒன்றால் அமுக்கியிருப்பார்கள்.

சொட்டுவதே குறை என்று நினைத்துவிடாதீர்கள். ஷாப்ட் சுற்றும்போது நிமிடத்துக்கு 2, 3 சொட்டு விழத்தான் வேண்டும். அந்தத் தண்ணீர்தான் பெக்கிங்கைச் சூடேறாமல் வைத்திருக்கிறது. ஒரு சொட்டும் வரக்கூடாதென்று முறுக்கினால் பெக்கிங் கருகும், ஷாப்டில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த ஷாப்டில் எவ்வளவு நல்ல பெக்கிங் போட்டாலும் நிற்காது. எஞ்சினை நிறுத்திய பிறகும் விடாமல் ஒழுகி, நட்டை இறுக்கியும் அடங்கவில்லை என்றால்தான் மாற்ற வேண்டும்.

மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கிப் படகைக் கரையேற்றும் காலம் இதற்குத் தோது. தண்ணீரில் வைத்தே மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் தடவை செய்கிறவர்களுக்கு அது வேண்டாம்.

1. லொக் நட்டையும் பெரிய நட்டையும் இரண்டு ஸ்பேனர் போட்டு விடுவியுங்கள். பைப் ரென்ச்சைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், பித்தளை மூலை மழுங்கிவிடும்.

2. பழைய பெக்கிங்கை எடுங்கள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வது. வழக்கமாக 3 வளையம் இருக்கும். முதல் இரண்டும் லேசாக வந்துவிடும். அடியில் உள்ளது இறுகிக் கறுத்து, கிளாண்டின் அடித்தளம் மாதிரியே தெரியும். நான் பார்க்கும் படகில் முன்பு வேலை செய்த யாரோ அதற்கு மேலேயே புதிய வளையங்களை அடுக்கியிருந்தார்கள். நட்டின் புரி முடியும்வரை இறுக்கியாகிவிட்டது, ஒழுக்கு மட்டும் நிற்கவில்லை. டோர்ச் அடித்துப் பாருங்கள்: சுரண்டினால் உலோகம் மினுங்க வேண்டும், நார் வரக்கூடாது. வளைத்த கம்பியால் நோண்டினால் ஷாப்டில் கீறல் விழும். முனையில் திருகு உள்ள, வளைந்துகொடுக்கும் பெக்கிங் கொக்கி ஒன்று வாங்கிவிடுங்கள். அந்தத் திருகை வளையத்துக்குள் ஏற்றி, இரண்டு பக்கமும் மாறி மாறி மெதுவாக இழுத்தால் வந்துவிடும்.

3. அளவு பார்க்க ட்ரில் பிட்டின் பின்பக்கம் போதும். ஷாப்டுக்கும் கிளாண்ட் சுவருக்கும் நடுவில் 6 மி.மீ. பிட் சரியாகப் புகுந்தால் 6 மி.மீ. பெக்கிங். என் தெரிவு டெஃப்லோன் ஊறியது. கிராபைட் பெக்கிங் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அது பக்கத்தில் இருக்கும் உலோகத்தை அரிக்க வைக்கும்.

4. ஷாப்ட் பருமனுள்ள குழாயில் சுற்றி, சாய்வாக வெட்டி, தனித்தனி வளையமாகப் போடுங்கள். ஸ்பிரிங் போல ஒரே நீளமாகச் சுற்றாதீர்கள். வெட்டு வாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் 120 பாகை தள்ளித் தள்ளி இருக்கட்டும்.

5. நட்டைக் கையால் மட்டும் இறுக்கி, படகை இறக்கி, கட்டிவைத்தபடியே கியரில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு கிளாண்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் தளர்த்த வேண்டும். சொட்டு அதிகம் என்றால் நட்டில் எட்டில் ஒரு சுற்று, அவ்வளவுதான். சில மணி நேர ஓட்டத்தில் பெக்கிங் படிந்துவிடும், அப்போது திரும்பவும் பார்க்க வேண்டும்.

பிறகு சேர்த்தது: பெக்கிங் மாற்றியும் படகு அதிருகிறது என்று கேட்கிறார்கள். அதிர்வுக்கும் பெக்கிங்குக்கும் சம்பந்தம் குறைவு. முதலில் புரொப்பெல்லரில் தங்கூசி வலை சுற்றியிருக்கிறதா பாருங்கள், எங்கள் பக்கம் பெரும்பாலும் அதுதான். இல்லையென்றால் கரையில் வைத்து ஷாப்டை மேலும் கீழும் ஆட்டுங்கள். 1 அங்குல ஷாப்டில் ஆட்டம் 1.5 மி.மீ.க்கு மேல் போனால் ஷாப்டைத் தாங்கும் ரப்பர் பேரிங் தேய்ந்துவிட்டது. அதுவும் சரி என்றால் ஷாப்டை எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி, அதன் இரண்டு முகத்துக்கும் நடுவில் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 4 அங்குல கப்ளிங்கில் சுற்றிவர இடைவெளி வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இதைப் படகு மிதக்கும்போதுதான் பார்க்க வேண்டும். கரையில் படகின் உடம்பு வேறு மாதிரி வளைந்திருக்கும்.

கறுப்புப் புகை வந்து எஞ்சின் வேகம் ஏறாவிட்டால் ஷாப்டைக் குறை சொல்லாதீர்கள். காசல்ரீ ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு இங்கே 10 வீதமளவு சக்தி குறையும், கடலுக்குப் பொருத்தமான புரொப்பெல்லர் அதற்குப் பாரம். பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்தது போட வேண்டும்.

ஷாப்டில் மாட்டும் அனோட்டும் (ஷாப்ட் அரிக்காமல் தான் கரைந்துபோகும் உலோகத் துண்டு) அப்படித்தான், இடத்துக்கு ஏற்ப மாற வேண்டும். நாகம் (துத்தநாகம்) நல்ல தண்ணீரில் சரியாக வேலை செய்யாது, மக்னீசியம் போடுங்கள். படகைத் திருகோணமலைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் கடலில் இறக்குமுன் நாகத்தையே திரும்பப் பூட்டிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் மக்னீசியம் வேகமாகக் கரைந்துபோகும்.