செமி ஹொலோ கிற்றார் உடல்: மேற்பலகையை மூடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செமி ஹொலோ கிற்றாரின் அமைப்பு எளிது. உடலின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு கட்டை ஓடும்; அதன் இரண்டு பக்கமும் பொள்ளல். 1958இல் கிப்சன் கொண்டுவந்த இஎஸ்-335 தான் இந்த அமைப்பைப் பிரபலமாக்கியது. முழுக்கப் பொள்ளலான கிற்றாரை அம்பிளிபயரில் கூட்டி வைத்தால் ஊளையிடும். நடுக்கட்டை அந்த ஊளையை அடக்கிவிடும், பக்கப் பொள்ளல்கள் ஒலியை இளக்கிக் கொடுக்கும். ஆனால் மேற்பலகையை ஒட்டி மூடிவிட்டால் பிறகு உள்ளே கை வைப்பது பெரும்பாடு. அதனால் மூடும்வரை எவ்வளவு பொறுமையாக இருந்தாலும் தகும்.

வன்னியில் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் சறுக்குவது மரத் தெரிவில். வெளிநாட்டுக்காரர் அரிய மரம் என்று தேடுகிற கருங்காலியும் முதிரையும் எங்கள் காட்டிலேயே வளர்கின்றன. வைரம் பாய்ந்த பாலையையும் முதிரையையும் கையில் எடுத்தால், முழு உடலையும் இதிலேயே செய்துவிடலாம் என்ற ஆசை வரும். அந்த ஆசையைக் கணக்கால்தான் அடக்க வேண்டும். 4.5 சென்ரிமீற்றர் தடிப்பில் ஒரு சராசரி உடலின் கனவளவு ஏறத்தாழ 4500 கன சென்ரிமீற்றர். பாலை தண்ணீரில் தாழ்கிற மரம். அதில் செய்தால், மூன்றில் ஒரு பங்கைக் குடைந்து எடுத்த பிறகும் உடல் மட்டும் மூன்று கிலோவைத் தாண்டும். கழுத்தும் இரும்புச் சாமான்களும் சேர்ந்தால் நாலரைக் கிலோ. தேவாலயத்திலோ கோயில் திருவிழா மேடையிலோ மணிக்கணக்கில் நின்று வாசிக்கிறவரின் தோள் அதைத் தாங்காது. அதே உடலைப் பலாவில் செய்தால் இரண்டு கிலோவுக்குள் அடங்கும்.

ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு மாதிரி என்பதால் புத்தகக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். பத்துக்குப் பத்து, இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பில் ஒரு துண்டு வெட்டிச் சமையலறைத் தராசில் வையுங்கள். 120 கிராம் காட்டினால் உடலுக்கு நல்லது. 180 கிராம் காட்டினால் அதை மேற்பலகைக்கு ஒதுக்குங்கள். ஐந்து மில்லிமீற்றர் முதிரை மேற்பலகை அரைக் கிலோவுக்குள் நிற்கும். அழகுக்கு அழகும் கிடைக்கும். கருங்காலி விரற்பலகைக்குப் போதும். நடுக்கட்டைக்கும் பக்கங்களுக்கும் பலா, மலைவேம்பு, தேக்கு எதுவும் சரி. தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால், புதிதாகச் சீவிய முகத்தை அசிற்றோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்ட வேண்டும்.

கருங்காலி பாதுகாக்கப்பட்ட மரம். காட்டு மரத்தை அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஏற்றினால் வாகனமும் பறிபோகலாம். பலாவை வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும். பழைய வீடு பிரித்த முதிரை நிலையோ கதவோ கிடைத்தால் அதைவிட நல்ல மரம் இல்லை, நன்றாகக் காய்ந்திருக்கும்.

இங்கே வெளியூர்க் கையேடு எதுவும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். போர் நடந்த இடங்களில் நின்ற மரத்துக்குள் செல் துண்டும் சன்னமும் இருக்கும். மேல்தோல் மூடி வளர்ந்துவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. பலகையில் காரணமில்லாமல் கருநீலமாக ஒரு கறை ஓடினால் சந்தேகப்படுங்கள். இரும்பு மரச்சாற்றோடு சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். மரக்காலையில் வாளின் பல் உடைவதே பெரிய நட்டம். மரத்தைக் குடையும் மின்கருவியான றூட்டரின், நிமிடத்துக்கு இருபதாயிரம் முறை சுற்றுகிற அலகு இரும்பில் பட்டால் உடைந்த துண்டு முகத்துக்கு வரும். பலகை முழுவதையும் இரண்டு பக்கமும் கையடக்க உலோகங்காட்டியால் தடவிப் பார்க்காமல் றூட்டரைத் தொடவே கூடாது. காந்தம் மட்டும் போதாது, செம்பும் ஈயமும் காந்தத்தில் ஒட்டா.

முதிரையில் நார் மாறி மாறி ஓடும். வெளிச்சத்தில் பட்டுப் போல மினுங்குவது அதனால்தான். சீவுளியில் பிய்ந்து வருவதும் அதனால்தான். ஒரு தடவைக்கு இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் குடையாதீர்கள். அதன் தூள் பலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும், முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

அப்புறம் மரத்தைக் காயவிடுவது. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு வருடம் என்பது பழைய கணக்கு, வைர மரத்துக்கு அதுவும் காணாது. பலகையின் இரு முனைகளுக்கும் பெயின்ற் பூசி, நிழலில் இடைவெளிவிட்டு அடுக்கி, மாதாமாதம் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் கை வைக்கலாம். மாரியில் ஒட்டிய உடல் சோளகக் காற்றில் சுருங்கி, ஒட்டுக் கோட்டில் வாய் திறக்கும். ஒட்டும் வேலையைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்வேலையில் பலர் மறப்பது வயர். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) இருக்கிற குழியில் இருந்து கொன்ட்ரோல்கள் இருக்கிற பொள்ளலுக்கு வழி வேண்டும். உடலில் கம்பிகளைத் தாங்கும் பிறிட்ஜுக்கு எர்த் வயர் போக நடுக்கட்டையில் ஒரு சிறு துளை வேண்டும். அது இல்லாவிட்டால் கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் அடங்காது. முதுகுப் பக்கம் மூடி வைக்காத கிற்றாராக இருந்தால் எல்லாச் சாமானும் எஃப் வடிவத் துளை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பெரிய வொல்யூம் பொட்டின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகியின்) விட்டம் 24 மில்லிமீற்றர். மேற்பலகையில் துளையை வெட்டியதும் ஒரு பொட்டை அதனூடாக நுழைத்துப் பாருங்கள். முழு வயரிங்கையும் மட்டையில் வைத்துப் பற்றவைத்து, ஒவ்வொரு தண்டிலும் தங்கூசி கட்டி, மூடுவதற்கு முன் ஒரு தடவை உள்ளே இழுத்து ஒத்திகை பார்த்துவிட வேண்டும்.

பொள்ளலைக் குடையும்போது பிறிட்ஜின் இரண்டு திருகாணிகளும் எங்கே இறங்கும் என்று முதலே குறித்து வையுங்கள். அவை நடுக்கட்டையில்தான் பிடிக்க வேண்டும். கட்டையை ஒடுக்கமாக விட்டால் திருகாணி பொள்ளலுக்குள் தொங்கும். ஆனால் அந்தத் துளைகளைக் கழுத்தைப் பொருத்திய பிறகே போட வேண்டும். கம்பியின் அதிரும் நீளம் 628 மில்லிமீற்றராக அமையும் கழுத்தில், நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) இருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் (விரற்பலகையில் குறுக்கே பதித்த கம்பிக்கட்டு) வரை 314. அங்கிருந்து இன்னொரு 314 அளந்தால் மெல்லிய கம்பியின் இடம். தடித்த கம்பிக்கு மூன்று மில்லிமீற்றர் அளவில் பின்னால் தள்ள வேண்டும். முதலாம், ஆறாம் கம்பிகளுக்குப் பதில் நூலைக் கட்டி, அவை விரற்பலகையின் இரண்டு ஓரத்தில் இருந்தும் ஒரே அளவு விலகி ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு, அதன்பின் துளையுங்கள்.