கடைப் பெயர்ப் போர்டுக்கு எல்இடி வாங்கும் முன்

வேலூர் வெயிலில் மே மாதம் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம், மூடிய அக்ரிலிக் எழுத்துக்குள் சூடு இன்னும் ஏறும், எல்இடியைக் கொல்வது பெரும்பாலும் அந்தச் சூடுதான். அதனால் விலையைக் கேட்கும் முன் மாட்யூலை, அதாவது எழுத்துக்குள் ஒட்டும் சின்ன எல்இடி துண்டை, திருப்பிப் பாருங்கள், பின்னால் அலுமினியத் தகடு இருந்தால் சூட்டை வெளியே கடத்தும்.

மழையில் நிற்கும் போர்டுக்கு ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) மாட்யூல் வேண்டும். இணைப்புகளையும் சீல் செய்யுங்கள், தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான்.

அப்புறம் பவர் சப்ளை, கரண்டை மாட்யூலுக்கு வேண்டிய 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டி. பலர் கோட்டை விடுவது இதில்தான். 1.2 வாட் மாட்யூல் 60 என்றால் 72 வாட். 75 வாட் சப்ளை போதும் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டாதீர்கள், 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, 100 வாட்டே வாங்குங்கள். காட்பாடி ரோட்டில் எங்கள் கடை போர்டில் இந்த 25 வாட்டை மிச்சம் பிடித்தேன், ஆடி தள்ளுபடி நேரத்தில் பாதி பெயர் இருட்டு.

எல்லா மாட்யூலையும் ஒரே சரமாகக் கோத்தால் கடைசி எழுத்து மங்கும். மாட்டியதும் மல்டிமீட்டரைக் கடைசி மாட்யூலில் வையுங்கள், 12 வோல்ட் 11-க்குக் கீழே போனால் அந்தப் பக்கத்துக்குத் தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள்.

வெள்ளை நிறம் லாட்டுக்கு லாட் (ஒரே முறையில் தயாரான சரக்கு) மாறும். ஸ்பேராக நாலைந்து மாட்யூலை அதே பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள்.